“வெறும் 0.04 சதவீதம்தானே?” – மச்சானிடம் மாட்டிக்கொண்ட அறிவியல் ஆசிரியருக்கு

கடிதத்தின் சுருக்கம்: எழுதியவர் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரக் கிராமத்துக்காரர். வயது 49. உதவி பெறும் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறார். அப்பா வழியில் வந்த ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், இருக்கிறது, சம்பா மட்டும்தான். போர்வெல் தண்ணீர் ஐந்தாறு வருடமாக உப்புக் கரிக்கிறது. இறால் பண்ணை வைக்க நிலத்தைக் கேட்டு ஒருவர் வந்துபோகிறார். மனைவியின் அண்ணன் அனல் மின் நிலையத்தில் 34 வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பருவநிலை மாற்றம் என்பதே வெளிநாட்டுக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு செய்தி போடுகிறார்.

போன மாதம் ஒரு காதணி விழாவில், சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடும் நேரத்தில் பேச்சு முற்றியிருக்கிறது. “காற்றில் 0.04 சதவீதம் இருக்கிற வாயு உலகத்தையே சுட வைக்குமா? அது பயிருக்கு உணவுதானே? எரிமலை விடாததையா நாம் விட்டோம்? பூம்புகார் மூழ்கியபோது கார் ஓடியதா? நாளை மழை வருமா என்றே சொல்லத் தெரியாதவர்கள் 2100-ஐச் சொல்கிறார்களாம்!” என்று அடுக்கியவர், கடைசியில் “அப்போ சுனாமியும் இதனால் வந்ததுதானா?” என்று கேட்டிருக்கிறார். ஆசிரியர் “ஆமாம்” என்று சொல்லிவிட்டார். சபை சிரித்துவிட்டது. பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருகிறது; இதே தலைப்பில்தான் மாணவர்கள் செய்கிறார்கள். “எது சரி, எது தவறு? மச்சானுக்கு என்ன பதில் சொல்வது? நிலத்தை விற்றுவிடலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியருக்கு,

வானிலைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். “நீங்க மழைன்னு சொன்னீங்கன்னா தைரியமா வடாம் காயப்போடலாம்” என்று என் நாத்தனாரே சொல்லுவார். அதனால் வெற்றிலைத் தட்டுக்கு முன்னால் நீங்கள் பட்ட பாடு எனக்குப் புரிகிறது.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். சுனாமி விஷயத்தில் உங்கள் மச்சான் பக்கம்தான் நியாயம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியில் நிலத்தட்டு நழுவி நடந்த பூகம்பம் அது. கரியமில வாயு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்திருக்கும். அன்றைக்குக் கரையில் நின்ற ஊர்க்காரர்கள் நடுவில் அதை மாற்றிச் சொன்னால் மற்ற பத்து சரியான விஷயங்களும் எடுபடாமல் போகும். அடுத்த முறை பார்க்கும்போது “சுனாமியைப் பற்றி நான் சொன்னது தப்பு மச்சான்” என்று நீங்களே ஆரம்பியுங்கள். மீதிப் பேச்சு சுலபமாகிவிடும்.

அவர் கேட்ட மற்ற கேள்விகளையும் வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றின் முன்பாதியும் உண்மை. 0.04 சதவீதம் உண்மை, பயிருக்கு உணவு உண்மை, எரிமலை வாயு விடுவது உண்மை, பழைய காலத்தில் கடல் ஏறியதும் உண்மை. விட்டுப்போவது எல்லாவற்றிலும் ஒன்றேதான்: எவ்வளவு, எத்தனை வேகத்தில்? ஒரு பொறியாளரிடம் கேட்கக்கூடிய கேள்வி அது. அதனால்தான் உங்கள் மச்சானோடு பேசுவது வீண் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வாளித் தண்ணீரும் சொட்டு நீலமும்

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன், ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆர்கான். கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கைத் தாண்டியிருக்கிறது. அதுதான் அவர் சொன்ன 0.04 சதவீதம்.

20 லிட்டர் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் 0.04 சதவீதம் என்றால் 8 மில்லி. சின்ன டீஸ்பூனில் இரண்டுகூட நிறையாது. அந்த 8 மில்லிக்குச் சொட்டு நீலத்தை விட்டுப் பாருங்கள். வெள்ளை வேட்டிக்கு நாலைந்து சொட்டு விட்டாலே அதிகம் என்று அலறுகிற வீட்டில், 8 மில்லி என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் 99.96 சதவீதம் இருந்தும் வாளியின் நிறத்தைத் தீர்மானிப்பது நீலம்தான், ஏனென்றால் வெளிச்சத்தைப் பிடிப்பது அது மட்டும்தான்.

காற்றிலும் இதேதான் நடக்கிறது. வெயில் பட்டுச் சூடான பூமி, வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி விடுகிறது. நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் அந்தக் கதிருக்குக் கண்ணாடி மாதிரி, மறிப்பதே இல்லை. மறிப்பவை நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சிறுபான்மையினர். இந்தப் போர்வை மொத்தமும் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும். இருப்பதால் சுமார் 15 டிகிரி. அப்புறம், ‘சின்ன அளவு’ என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் நம் மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். கணக்குப் போட்டால் 0.03 சதவீதம். “வெறும் 0.03 தானே சார்” என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்!

“நீராவிதானே பெரிய போர்வை, அதை ஏன் யாரும் பேசுவதில்லை?” என்று அடுத்து கேட்பார். நல்ல கேள்வி. நீராவி அதிகமானால் மழையாக இறங்கிவிடும். சில நாளில் கணக்கு நேராகிவிடும். கரியமில வாயு அப்படி இறங்குவதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் தங்குகிறது. அது காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால், சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 7 சதவீதம். அந்த நீராவி மேலும் சூடாக்கும். மூத்தவன் எழுந்து நடந்தால் பின்னாலேயே வரும் தம்பி என்று வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

இதெல்லாம் நேற்று முளைத்த கட்டுக்கதையும் இல்லை. அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி 1856-ல் கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது. ஜான் டின்டால் 1859-லிருந்து ஆய்வகத்தில் வெப்பக் கதிரை வாயுக்கள் பிடிப்பதை அளந்தார். ஸ்வீடனின் அரீனியஸ் 1896-ல், இந்த வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். அப்போது சோலார் பேனல் விற்க யாரும் இல்லை.

பயிருக்கு உணவுதான். பதருக்கும் காரணமாகலாம்

கரியமில வாயு கூடினால் நெல்லின் ஒளிச்சேர்க்கை கூடும். இதை மறுக்காதீர்கள், கண்ணாடிக் கூண்டிலும் திறந்த வயலிலும் சோதித்துப் பார்த்த விஷயம். ஆனால் உரம் போடுகிற அதே கை அடுப்பையும் ஏற்றிவிடுகிறது. நெல் பூக்கும் நேரத்தில் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் சரியாகச் சேராது. கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பால் பிடித்திருக்காது. உங்களுக்குத் தெரியாததா? தூற்றும்போது பறக்கும் பதர்தான் கணக்கு.

இரவுச் சூடு இன்னும் மோசம். பிலிப்பைன்ஸில் லாஸ் பாஞோஸ் என்ற ஊரில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தங்கள் பண்ணையிலேயே 1979 முதல் 2003 வரை எடுத்த வெப்பநிலைக் கணக்கையும், அங்கே எடுத்த விளைச்சலையும் வைத்துப் பார்த்தார்கள். கோடைப் பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் மகசூல் பத்து சதவீதம் சரிந்தது. பகலில் சம்பாதித்ததை இரவில் மூச்சு விட்டே செலவழிக்கிறது பயிர். கரியமில வாயு அதிகமான காற்றில் விளைந்த அரிசியில் புரதமும் துத்தநாகமும் இரும்பும் குறைவதையும் பார்த்திருக்கிறார்கள். மூட்டை கனக்கலாம், சோறு இளைத்திருக்கும்.

எரிமலை விட்டதா, நாம் விட்டதா?

மச்சானின் தொழிலே இந்தக் கணக்குதான். ஆகவே கொஞ்சம் நின்று பேசுவோம்.

நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு எல்லாம் சேர்த்து உலகம் வருடத்துக்கு 3,700 கோடி டன் அளவுக்குக் கரியமில வாயு விடுகிறது. எரிமலைகள் அத்தனையும், கடலடியில் இருப்பவை உட்பட, சேர்ந்து விடுவது இதில் நூற்றில் ஒரு பங்கு அளவில்தான். இயற்கையில் செடிகளும் கடலும் இதைவிடப் பல மடங்கு விட்டுவிட்டு வாங்குகின்றன, அதுவும் உண்மை. ஆனால் அவை விட்டதை வாங்கிக்கொள்கின்றன. நாம் புதிதாகச் சேர்த்ததிலும் பாதிக்கு மேல் அவையே இழுத்துக்கொள்கின்றன. மிச்சம்தான் வருடா வருடம் காற்றில் ஏறுகிறது. மாதச் சம்பளமும் மாதச் செலவும் சரியாகப் போகிற வீட்டில், கைமாற்றாக மாதம் ஆயிரம் ரூபாய் கூடிக்கொண்டே போனால் கடன் யாருடையது என்று சம்பளத்தைக் காட்டிச் சமாளிக்க முடியுமா?

மனிதர் மூச்சு விடுவதும் அப்படித்தான். நாம் விடும் கரி (கார்பன்), போன போகம் நெல் காற்றிலிருந்து எடுத்த கரி. வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. நிலக்கரியில் இருப்பது கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் பூட்டிக் கிடந்தது. அதற்கு முத்திரையும் உண்டு. உயிருள்ளவற்றில் இருக்கும் கதிரியக்கக் கார்பன் 5,730 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேயும். நிலக்கரியில் சுத்தமாக இராது. காற்றில் கூடிவரும் கரியில் இந்தத் ‘தேய்ந்த’ முத்திரையைத்தான் பார்க்கிறார்கள். அதே நேரத்தில் காற்றின் ஆக்ஸிஜனும் துளித்துளியாகக் குறைகிறது. எரித்தால்தான் அது குறையும். எரிமலை வாயு விட்டால் குறையாது.

சார்லஸ் கீலிங் என்பவர் 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் இந்த வாயுவை அளக்க ஆரம்பித்தபோது பத்து லட்சத்தில் 315 பங்கு. தொழிற்புரட்சிக்கு முன்னால் 280. மௌனா லோவாவே ஒரு எரிமலைதான்! மச்சான் இதைப் பிடித்துக்கொள்வார். தென்துருவத்திலும் அளக்கிறார்கள், அங்கேயும் இதே ஏற்றம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வகுப்புக்கு ஒரு கணக்கு. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. அது முழுவதும் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு. “பதினாலு கிலோ எப்படி நாற்பத்திரண்டு ஆகும்?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும், வர வேண்டும். ஒரு கார்பன் 12, அதோடு காற்றிலிருந்து சேரும் இரண்டு ஆக்ஸிஜன் 32, ஆக 44. எடையின் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூடக் கனக்காது, எரிந்தால் 2.3 கிலோ. ஊருக்குள் ஓடும் ஒவ்வொரு பைக்கையும் அதற்கப்புறம் பையன்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

பூம்புகாரும் பனியுகமும்

“அன்றைக்குக் கார் ஓடியதா?” ஓடவில்லை. இன்னும் பெரிய உதாரணம்கூட இருக்கிறது: 20,000 வருடத்துக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது. வேதாரண்யத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் கடலே இல்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் அச்சின் சாய்விலும் மெல்ல நடக்கும் மாற்றங்கள் பனியுகங்களைத் தொடங்கி முடித்துவைத்தன. முதலில் கொஞ்சம் சூடு, பிறகு கடலிலிருந்து கரியமில வாயு வெளியேற்றம், அதனால் மேலும் சூடு. ‘வெப்பம்தான் முதலில் வந்தது, வாயு பின்னால் வந்தது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது இதன் முன்பாதி.

இனி வேகம். அந்தப் பனியுகம் முடிந்து, வாயு சுமார் 190-லிருந்து 280-க்குப் போக ஆயிரக்கணக்கான வருடம் பிடித்தது. 315-லிருந்து 420-ஐத் தாண்ட நமக்குப் பிடித்தது ஒரு மனிதரின் ஆயுள், அவ்வளவுதான். அண்டார்டிகாப் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளை எடுத்து 8 லட்சம் வருடக் கணக்கைப் பார்த்துவிட்டார்கள். தொழிற்புரட்சிக்கு முன் எந்தக் காலத்திலும் 300-ஐத் தெளிவாகத் தாண்டிப் போனதில்லை. காட்டில் இயற்கையாகவே தீப்பிடிக்கும் என்பதால் தீப்பெட்டியோடு பிடிபட்டவரை விட்டுவிட முடியாது.

சூரியன்தான் காரணமோ என்றும் கேட்பார்கள். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளக்கின்றன. பதினொரு வருடச் சுழற்சியில் ஏறி இறங்குகிறதே தவிர மொத்தத்தில் கூடவில்லை. அதோடு, கீழ்க்காற்று சூடாக, மேல் அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்ந்துவருகிறது. சூரியன் காரணமென்றால் இரண்டும் சூடாகியிருக்க வேண்டும்.

நாளைய மழையும் 2100-உம் என் பிழைப்பைத் தொடும் கேள்வி, அதனால் சுருக்கமாக. சோறு பொங்கும் உலையில் அடுத்த கொப்புளம் எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுப்பைக் கூட்டினால் சீக்கிரம் பொங்கும் என்று எல்லோராலும் சொல்ல முடியும். வானிலை கொப்புளம், பருவநிலை அடுப்பு. 2024-ல் உலகச் சராசரி, 1850–1900 காலத்தைவிட சுமார் 1.55 டிகிரி கூடுதல். அளக்க ஆரம்பித்ததிலிருந்து அதுதான் அதிக வெப்பமான வருடம்.

உங்கள் பக்கமும் சிலதைத் திருத்த வேண்டும்

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். “ஓசோனில் ஓட்டை விழுந்து வெயில் அதிகமாக இறங்குவதால் பூமி சூடாகிறது என்று பாடம் எடுக்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. ஓசோன் படலம் தடுப்பது புற ஊதாக் கதிரை. அது மெலிந்ததற்குக் காரணம் குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த குளோரோஃப்ளூரோ கார்பன்கள். 1987-ல் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டு அவற்றைக் குறைத்தன. ஓசோன் மெல்லத் தேறிவருகிறது. நாடுகள் உட்கார்ந்து பேசினால் வேலை நடக்கும் என்பதற்கு உதாரணமாக அதைச் சொல்லுங்கள். வெப்பத்துக்குக் காரணமாக வேண்டாம்.

அடுத்து, கண்காட்சியில் வைக்கப்போகும் அந்த இரண்டு பாட்டில். ஒன்றில் சாதாரணக் காற்று, இன்னொன்றில் சோடா உப்பும் வினிகரும் சேர்த்துப் பிடித்த கரியமில வாயு, மேலே பல்பு, உள்ளே வெப்பமானி. எல்லாப் பள்ளியிலும் செய்கிறார்கள். அதில் தெரியும் வித்தியாசத்தின் பெரும்பகுதி, கரியமில வாயு கனமானது என்பதால், உள்ளே காற்று சுழன்று வெப்பத்தை வெளியேற்றாததால் வருவது. வெப்பக் கதிரையே பிடிக்காத ஆர்கானை நிரப்பினாலும் இதே மாதிரி சூடேறும். விவரம் தெரிந்த ஒருவர் வந்து கேட்டால் பிள்ளைகள் முழிப்பார்கள். வாளியும் நீலமும் வையுங்கள். அது ஒப்புமைதான் என்று எழுதியும் வையுங்கள்.

மூன்றாவது, கஜா. 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யத்தை அது கடந்தபோது சாய்ந்த தென்னைகளை நீங்கள் எண்ணியிருப்பீர்கள். ஆனால் ‘கரியமில வாயுதான் கஜாவைக் கொண்டுவந்தது’ என்று சொல்லாதீர்கள். 1977-லும் நாகையைப் புயல் புரட்டியிருக்கிறது. 1964-ல் தனுஷ்கோடியே போனது. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சூடான கடல் புயலுக்குக் கூடுதல் ஈரம் கொடுக்கிறது, மழை கனக்கிறது, கடல் மட்டம் ஏறியிருப்பதால் புயலலை அந்த அளவுக்கு உள்ளே வருகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது போன்ற மழைகளை இனி அதிசயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு தனிப் புயலின் மேல் விரல் நீட்டிப் பேசினால் மச்சான் 1964-ஐ எடுத்து வீசுவார்.

ஆறு மா நிலத்தை என்ன செய்வது?

பயத்தில் விற்காதீர்கள். கணக்குப் பார்த்து விற்பதென்றால் அது வேறு விஷயம்.

போர்வெல் கரிப்பதற்கு முழுப் பழியையும் பருவநிலை மேல் போட முடியாது. கடல் மட்டம் 1901-க்குப் பிறகு உலகச் சராசரியாக 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. இப்போதைய வேகம் வருடத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். அது ஒரு பக்கம். நிலத்தடி நல்ல தண்ணீரை ஆளாளுக்கு உறிஞ்சினால் கடல் தண்ணீர் அடியில் உள்ளே வருவது இன்னொரு பக்கம். ஆற்றில் தண்ணீர் கடைமடைக்கு வராதது, 1934-ல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து வண்டல் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுவது, பக்கத்து இறால் குட்டையின் கசிவு என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. இவற்றில் சில உங்கள் பஞ்சாயத்தின் கைக்குள் இருப்பவை. இதைத்தான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்து ஈ.சி. அளவை, அதாவது எவ்வளவு உப்பு என்று காட்டும் மின்கடத்துத் திறனை, எழுதிவையுங்கள். மூன்று வருடக் கணக்கு கையில் இருந்தால் நிலம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். உப்பு தாங்கும் குழியடிச்சான், களர்பாலை போன்ற பழைய ரகங்களை வைத்திருப்பவர்கள் உங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள். மகசூல் குறைவுதான், அதையும் கணக்கில் சேருங்கள். அப்புறம், தண்ணீர் கட்டிவைத்த வயல் மீத்தேன் விடும் என்று படித்துவிட்டு, ‘விவசாயிதான் குற்றவாளியா’ என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அதற்கான வழி நம் தாத்தாக்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான்: வயலைக் கொஞ்சம் காயவிட்டு, மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது. தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறையும். உப்பு நிலத்தில் மட்டும் ரொம்பக் காயவிடாதீர்கள், உப்பு மேலே பூத்துவிடும்.

பயிர்க் காப்பீடு எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரதமர் திட்டத்தில் சம்பாவுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். கடன் வாங்கியவர்களுக்குக் கட்டாயம் என்பது 2020-லிருந்து இல்லை. நாமாகத்தான் சேர வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, கடைசித் தேதிக்கு முன்பே பொதுச் சேவை மையத்தில் கட்டிவிடுங்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: வட்டார நஷ்டம், கிராமத்தில் எடுக்கும் அறுவடைப் பரிசோதனையை வைத்துத்தான் கணக்கிடப்படும். உங்கள் வயல் மட்டும் போனது என்றால் அதில் வராது. ஆலங்கட்டி மழை மாதிரி தனி வயல் சேதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.

இறால்காரர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். உங்கள் மாவட்டத்துக்காரர்கள் போராடிப் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996-ல், விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2005-ல் தனிச் சட்டமும், பதிவு செய்ய ஓர் ஆணையமும் வந்தன. பதிவு இருக்கிறதா, எந்த வகை நிலம் என்று காகிதத்தை வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் வாங்க வேண்டாம். கடல் தண்ணீரை ஒருமுறை உள்ளே விட்டால் பக்கத்து வயல்காரர் உங்களைத்தான் பார்ப்பார்.

மச்சானிடம்

‘வெள்ளைக்காரன் எரித்துச் சம்பாதித்துவிட்டு நம்மை நிறுத்தச் சொல்கிறான்’ என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் பெரும்பகுதி நியாயம். இதுவரை எரிபொருளால் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்வாசி அமெரிக்கா விட்டது. தலைக்கு இன்றைக்கும் அமெரிக்கர் வருடத்துக்கு 14 டன் அளவில் விடுகிறார், நாம் 2 டன் அளவில். சண்டை போட வேண்டிய இடம் அது. ஆனால் யார் கட்ட வேண்டும் என்று பில்லைப் பற்றிச் சண்டை போடலாமே தவிர, சாப்பாடே பரிமாறவில்லை என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. 34 வருடம் பாய்லர் பக்கத்தில் வேர்வை சிந்தி ஊருக்கு வெளிச்சம் கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்று உட்கார்ந்த பிறகு, நீ செய்ததெல்லாம் பாவம் என்று தொலைக்காட்சியும் மச்சினனும் சேர்ந்து சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அவர் மறுப்பது கரியமில வாயுவை இல்லை என்று எனக்குப் படுகிறது. பாய்லர் புகையில் அந்த வாயு எத்தனை சதவீதம் என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பார்த்தவர் அவர். என்னைவிட, உங்களைவிட அவருக்குத்தான் அது கைப்பழக்கம்.

குழுவில் பதில் போடாதீர்கள். நேரில் போய், சுனாமி தப்பை ஒப்புக்கொண்டு, ஒரு உதவி கேளுங்கள்: “கண்காட்சியன்று வந்து பிள்ளைகளுக்கு நிலக்கரிக் கணக்கைப் போட்டுக்காட்ட முடியுமா மச்சான்?” 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று நாள் முழுக்க ஓடினால் 50 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. 5,000 டன். பலகையில் அவர் கையாலேயே எழுதட்டும். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்; கேள்வியைப் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

நீலத்தை மட்டும் நீங்களே ஊற்றுங்கள், 8 மில்லிக்கு ஒரு சொட்டு கூடாமல். வெள்ளைச் சட்டையில் பட்டால் மறுநாள் காலையில் பெற்றோர் வாசலில் நிற்பார்கள்.